துரைக்குத் தடி எறியச் சொல்லிக்கொடுத்த கதை

ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர் ஊர் திரும்பினால் என்ன நடக்கும்? ஏர்போர்ட்டில் மாலை, திறந்த ஜீப், மந்திரி கையால் செக், திடீரென்று முளைத்த நாற்பது சித்தப்பாக்கள். ஃபின்லாந்துக்காரர் யோன்னி மியூரா இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துவிட்டார் போலிருக்கிறது. 1920ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிந்து தங்கம். 1924ல் பாரிஸில் மறுபடியும் தங்கம். இரண்டாவதை வாங்கிய கையோடு, ஊர்ப் பக்கமே தலைவைக்காமல் அமெரிக்காவுக்குக் கம்பி நீட்டிவிட்டார். ஊரில் மாலையோடு காத்திருந்தவர்களைவிடக் கடன் பத்திரத்தோடு காத்திருந்தவர்கள் அதிகம் என்று பேச்சு.

ஆள் போனால் என்ன? ஃபின்லாந்துக்காரர்கள் அவர் எறிந்த அளவை விடவில்லை. 1919ல் மியூரா போட்ட உலக சாதனை 66.10 மீட்டர். சென்டிமீட்டர் பிசகாமல் இன்னும் ஏட்டில் இருக்கிறது. கடன் கொடுத்தவர்கள்கூட அவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்திருந்தார்களா என்பது சந்தேகம்தான்.

அந்த ஊருக்கு ஈட்டிமேல் இருந்த பித்து கொஞ்சநஞ்சமில்லை. 1912ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 'இரண்டு கை ஈட்டி' என்று ஒரு போட்டி வைத்தார்கள். இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, உலக்கை போடுவதுபோல எறிவது என்று நினைத்துவிடாதீர்கள். வலது கையால் எறிய வேண்டும், பிறகு இடது கையால் எறிய வேண்டும், இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். யூலியஸ் சாரிஸ்டோ வலதில் 61.00, இடதில் 48.42, ஆக மொத்தம் 109.42 என்று கணக்கு முடித்தார். தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் ஃபின்லாந்துக்கே. கூத்து எங்கே என்றால், அதே ஒலிம்பிக்கின் ஒற்றைக் கைப் போட்டியில் ஸ்வீடன்காரர் லெம்மிங் தங்கம் வாங்கியது 60.64க்குத்தான். சாரிஸ்டோ அவரைத் தாண்டித்தான் எறிந்தார். என்ன, தப்பான போட்டியில் எறிந்துவிட்டார்.

வெள்ளி வாங்கிய சீக்கனியெமி யார் தெரியுமா? கவிஞர். ஆமாம் சார், கவிஞர்! நம் ஊரில் கவிஞர்கள் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்கள் என்று குறைப்படுகிறோம். அங்கே ஒருவர் ஈட்டியையே பிடித்திருக்கிறார், அதையாவது விட்டார். இத்தனை எறிந்தும் கம்பத்தில் ஏறியது ரஷ்யக் கொடி. ஃபின்லாந்து அப்போது ஜார் மன்னரின் சட்டைப் பையில் இருந்தது.

இதையெல்லாம் அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் அளக்கிறேன்? காரணம் இருக்கிறது. எறிகிற விஷயத்தில் எங்கள் கரிசல் சீமையும் லேசுப்பட்டதில்லை. எங்களிடம் டேப் இல்லை, அவ்வளவுதான்.

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி, அதைத் தாண்டினால் நரிக்குடி, அதன் பக்கத்தில் முக்குளம். மருது சகோதரர்கள் பிறந்த ஊர். பெரியவர் 1748, சின்னவர் 1753. ஆனால் தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் 'சிவகங்கை மருது பாண்டியர்' என்றுதான் சொல்லும். பெற்றது நாங்கள், பேர் அவர்களுக்கு. அப்பா சேதுபதி படையில் இருந்தவர் என்பதால் ராமநாதபுரமும் ஒரு பங்குக்கு வரும். மேகம் மட்டும்தான் எங்கள் தலைக்கு மேலே போய் அடுத்த ஜில்லாவில் இறங்கும் என்று நினைத்திருந்தோம். புகழும் அதே ரூட்தான்.

எறிகிற கை என்றால் திருச்சுழிக்கு இன்னொன்றும் உண்டு. 1879ல் அங்கே பிறந்த வேங்கடராமன் என்ற பையன், பந்தாட்டத்தில் எந்தக் கட்சியில் நின்றாலும் அந்தக் கட்சி ஜெயித்ததாம். கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் 'தங்கக்கை'. இன்றைக்கு இருந்திருந்தால் ஐபிஎல் ஏலத்தில் எடுத்திருப்பார்கள். அவரோ பதினாறு வயதில் திருவண்ணாமலைக்குப் போய், கையில் இருந்த பலகாரப் பொட்டலத்தை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டு உட்கார்ந்தார். ரமண மகரிஷி ஆகிவிட்டார். எங்கள் தாலுகாவிலிருந்து போனதிலேயே சரியாக இலக்கில் விழுந்த எறி அதுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

சரி, மருதுகளுக்கு வருவோம்.

1795 பிப்ரவரி. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினிப் பட்டாளத்து இளம் அதிகாரி சிவகங்கைச் சீமை வழியாகப் போகிறார். போகிற போக்கில் சிறுவயலில் சின்ன மருதுவைப் பார்க்க நுழைகிறார். நுழைகிறார் என்றால் நிஜமாகவே நேராக நுழைகிறார். வாசலில் காவலாள் ஒருத்தரும் இல்லை. வருகிறவன் வரலாம், போகிறவன் போகலாம். கண்ணசைத்தால் ஒரு சீமையே எழுந்து நிற்கும், அப்படிப்பட்ட மனிதர் கதவைத் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வெல்ஷுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நமக்கும்தான். நம் பக்கத்தில் வார்டு கவுன்சிலர் வீட்டில்கூட முதலில் நாய், பிறகு மச்சான், அதற்குப் பிறகுதான் கவுன்சிலர்.

ஆள் எப்படி இருந்தார்? கறுப்பு நிறம், நல்ல வாட்டசாட்டம், அழகர், பழக இனியவர் என்று துரை எழுதி வைத்திருக்கிறார். அண்ணன் பெரிய மருது இன்னொரு ரகம். ஆட்சி, கச்சேரி, கணக்கு வழக்கு எதிலும் தலையிடுவதில்லை. முழு நேரமும் காடு, வேட்டை. கம்பெனியைத் தம்பியிடம் விட்டுவிட்டு ட்ரெக்கிங் போய்விடும் மூத்த பார்ட்னர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த வகை. உடம்பில் பலம் அப்படி. ஆற்காட்டு ரூபாயை விரலால் வளைத்துவிடுவார் என்று ஊரில் பேச்சு. ரூபாயை வளைத்துப் போட்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். விரலால் வளைத்தவர் அவர் ஒருத்தர்தான்.

விருந்தாளி வந்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. காப்பி கொடுத்த கையோடு தோட்டத்தைக் காட்டுவோம், புது போரைக் காட்டுவோம், பையன் வாங்கிய கப்பைக் காட்டுவோம். சின்ன மருது காட்டியது ஆயுதத்தை. ஈட்டி எறிவது எப்படி என்று வெல்ஷுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். வளரி வீசவும் சொல்லிக்கொடுத்தார்.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். ஊரை விழுங்க வந்த கும்பினியின் ஆபீசர். அவனைக் கூப்பிட்டு, "அப்படிப் பிடிக்கக் கூடாது துரை, தோளுக்கு மேலே சுத்துங்க, இப்ப விடுங்க" என்று கோச்சிங். பீஸ் கிடையாது. மேற்கொண்டு, துரை மதுரையில் இருந்தவரைக்கும் நல்ல அரிசியும் பழமும் தவறாமல் போய்க்கொண்டிருந்தன. அதில் சொரசொரப்பான தோலோடு ஒரு பெரிய ஆரஞ்சு, தேனாய் இனிக்குமாம், இந்தியாவில் வேறெங்கும் அதைப் பார்த்ததில்லை என்று வெல்ஷ் நாக்கைச் சப்புக்கொட்டி எழுதுகிறார். பழத்தின் பெயரைக் கேட்டு எழுதிவைக்க அவருக்குத் தோன்றவில்லை. வாய் நிறைந்திருந்தது.

வளரி என்றால் தெரியாதவர்களுக்கு: பிறை நிலா மாதிரி வளைந்த ஒரு தடி. ஒரு முனை லேசு, மறுமுனை கனம். லேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேலே நாலைந்து சுற்றுச் சுற்றி, வேகம் ஏறியதும் விட வேண்டும். கெட்டி மரத்தில் செய்வார்கள், இரும்பிலும் உண்டு, வெளிவிளிம்பைச் சீவிக் கூராக்குவதும் உண்டு. வெல்ஷ் கணக்குப்படி, தேர்ந்த கையில் இருந்தால் நூறு கெஜத்துக்குள் எது நின்றாலும் குறி தப்பாது.

நூறு கெஜம் என்றால் 91 மீட்டருக்கு மேலே! மியூரா இரண்டு தங்கம் வாங்கியபோது 66ஐத் தொடவில்லை. நீரஜ் சோப்ரா டோக்கியோவில் தங்கம் வாங்கியது 87.58க்கு. அவர் 90ஐத் தாண்ட 2025 மே மாதம் தோஹாவுக்குப் போக வேண்டியிருந்தது. ஈட்டி வேறு, தடி வேறு, எடை வேறு, காற்றில் போகிற விதம் வேறு என்று நீங்கள் ரூல் புத்தகத்தோடு கிளம்புவீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீரஜ் சோப்ராவிடம் யாரும், "அதோ அந்த ஆளின் முட்டியில் போடு" என்று கேட்பதில்லையே. கோட்டுக்குள் எங்கே விழுந்தாலும் கைதட்டுகிறார்கள்.

அதே சமயம், துரை டேப் வைத்து அளந்தாரா என்ற கேள்வியும் இருக்கிறது. பார்த்தது 1795ல். புத்தகம் லண்டனில் வந்தது 1830ல். டைரியிலிருந்து எடுத்தது என்று அவர் சொன்னாலும் முப்பத்தைந்து வருஷம், ரிட்டயர் ஆகப்போகிற வயது, சுற்றிலும் கதை கேட்கிற கூட்டம். எறிந்த தடி வருஷத்துக்கு ஒரு கெஜமாவது கூடுதலாகப் போகாதா? இன்னொன்றையும் கவனியுங்கள். குரு எவ்வளவு தூரம் எறிவார் என்று எழுதிய சிஷ்யர், தான் எவ்வளவு தூரம் எறிந்தேன் என்று அந்த இடத்தில் மூச்சுக் காட்டவில்லை. அதிலிருந்தே தெரிகிறது.

எங்கள் பக்கம் இந்த நூறு கெஜமெல்லாம் ஜுஜுபி. இங்கே வளரி இலக்கை அடித்துவிட்டு எறிந்தவர் கைக்கே திரும்பி வந்துவிடும். டீக்கடையில் கேட்டாலும் இதுதான் பதில், யூடியூபில் கேட்டாலும் இதுதான் பதில். பின்னணியில் தவில், உறுமி, ஸ்லோ மோஷன்.

நான் ஒரே ஒரு சந்தேகம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கூர் தீட்டிய இரும்பு. எதிரியின் கழுத்தைப் பதம் பார்த்துவிட்டு, அதே வேகத்தில், சுழன்றுகொண்டே உங்களை நோக்கி வருகிறது. நீங்கள் கையை நீட்டிப் பிடிக்கப் போகிறீர்களா? நான் குனிந்துவிடுவேன். எனக்குப் பின்னால் நிற்பவரும் குனிந்துவிடுவார். அப்படியே வரிசையாகப் படை முழுக்கக் குனிந்தால் போர் என்ன ஆவது?

இந்தச் சந்தேகம் 1883ல் ஒரு வெள்ளைக்காரருக்கும் வந்தது. ராபர்ட் புரூஸ் ஃபுட். பல்லாவரத்தில் 1863ல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். வேலையே கல்லைப் பார்ப்பது. வழியில் போகிற ஆட்களை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் அந்தத் தொழிலில் குறைவு. அப்படிப்பட்டவரே மார்ச் மாதம் ஒரு காலை, சிவகங்கைப் பக்கத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தார்.

குட்டைப் புதர்க்காடு. பெரியவர்கள், விடலைகள், கூட நாலைந்து நாய்கள், கூட்டம் கூட்டமாகப் பரந்து நடக்கிறார்கள். வருஷத்தில் ஒரு நாள் நடக்க முடிந்த ஆண்பிள்ளை எல்லாம் வேட்டைக்குப் போயே ஆக வேண்டும், அது பாதி சாமி காரியம் என்று அவருக்குச் சொன்னார்கள். சிவராத்திரியை ஒட்டி நம் பக்கம் பாரிவேட்டை என்று சொல்வோமே, அந்தச் சமாச்சாரம் மாதிரிதான். புதரிலிருந்து முயல் ஒன்று துள்ளி ஓடும். உடனே நாலாபக்கமிருந்தும் வளரி மழை. முயலுக்குத் தப்பிக்க வழியே இல்லை, பல முயல்கள் கண்ணெதிரே சுருண்டு விழுந்தன என்று எழுதுகிறார். அப்படியே ஒரு குறிப்பையும் போட்டுவைத்தார்: தான் பார்த்த ஒரு எறியில்கூட தடி திரும்பி வரவில்லை.

வராது சார். எதற்கு வர வேண்டும்? முயல் விழுந்த இடத்துக்கு எப்படியும் நடந்து போகத்தானே வேண்டும்? தடி அங்கேயே கிடந்தால் ஒரே நடையில் இரண்டையும் எடுத்துவரலாம். திரும்பி வருகிற தடி என்றால் அது முயலைத் தவறவிட்ட தடி. அதைப் போய்ப் பெருமையாகப் பாட்டுக் கட்டிவிட்டோம்.

ஃபுட் தன் சேகரிப்பில் இரண்டு வளரி வைத்திருந்தார். பெரியது வெளிவளைவில் சுமார் 2 அடி. கைப்பிடியில் முட்டை வடிவக் குமிழ், அதற்கு அடுத்து ஒல்லி, அங்கிருந்து நுனிவரை மெல்ல அகன்றுகொண்டே போய்ச் சதுரமாக வெட்டிவிட்டாற்போல முடிகிறது. கெட்டியான, செம்பழுப்பு மரம். புளிய வேர் என்று சொன்னார்களாம். வேலைப்பாடு முரடு என்று ஒரு மார்க் குறைத்திருக்கிறார். குமிழ் எத்தனை அங்குலம், ஒல்லி எத்தனை அங்குலம் என்று பின்னம் பின்னமாக அளந்தவர், எறிந்த தூரத்தை மட்டும் அளக்கவில்லை. எங்கள் ராசி அப்படி.

முரடு பிடிக்காதவர்கள் தஞ்சாவூருக்குப் போகலாம். அந்த அரண்மனை ஆயுதசாலையில் இருந்து யானைத் தந்தத்தில் செய்த வளரிகள் சென்னை மியூசியத்துக்கு வந்தன. தந்தம்! அதை எறிந்துவிட்டு யார் புதருக்குள் தேடுவது? எறிவதற்கு என்று ஒன்றைச் செய்து, அதை எறியவே முடியாதபடி விலையேற்றி, பட்டுத் துணியில் சுற்றி வைப்பதில் நம் ராஜாக்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இப்போது அந்தச் சிஷ்யர் என்ன ஆனார் என்று பார்ப்போம்.

1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் சின்ன மருதுவிடம் வந்து சேர்ந்தார். திறந்த வீடுதானே. அடுத்த மாதம் சின்ன மருது ஒரு காரியம் செய்தார். ஜம்புத்தீவில் உள்ள அத்தனை பேரையும் கும்பினிக்கு எதிராகக் கிளம்பச் சொல்லி ஓர் அறிக்கை எழுதி, திருச்சியிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டவைத்தார். தென்னாட்டு அரசியல் போஸ்டர்களுக்கு அதுதான் மூத்த அண்ணன். அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: இதைக் கிழிப்பவன் பஞ்சமாபாதகம் செய்த பாவத்துக்கு ஆளாவான். மதுரையில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். எதிர்க்கட்சி மாடுகூட கிழிக்காது.

கும்பினிப் படை கிளம்பி வந்தது. அதில் யார்? வளரி கற்றுக்கொண்ட, ஆரஞ்சு சாப்பிட்ட அதே வெல்ஷ். தடி திரும்பி வரவில்லை என்று இவ்வளவு நேரம் சொன்னேன் அல்லவா? எறியக் கற்றுக்கொண்டவர் திரும்பி வந்தார். குறி தப்பாமல்.

படை சிறுவயலுக்கு வந்து சேர்ந்தபோது ஊரே எரிந்துகொண்டிருந்தது. மருதுகளே கொளுத்திவிட்டார்கள். காவலாள் இல்லாமல் திறந்து கிடந்த வீட்டுக்குள் இந்தத் தடவை நுழைய ஒன்றுமில்லை. அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி ரோடு போட்டுக்கொண்டே போகலாம் என்று கர்னல் அக்னியூ திட்டம் போட்டார். ஆகஸ்ட் முழுக்க வெட்டினார்கள். வெட்டுகிறவர்கள்மேல் காட்டுக்குள்ளிருந்து அடி விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ரோடு வேலையைக் கைவிட்டுவிட்டுத் திரும்பினார்கள். தோண்டிப் போட்டுவிட்டு மூடாமல் போகிற காண்ட்ராக்டர்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஆனால் வளரிக்குப் பயந்து போன காண்ட்ராக்ட் அது ஒன்றுதான்.

வெட்டுக்கத்தியால் முடியாததைக் கும்பினி ஒரு பட்டத்தால் முடித்தது. கௌரி வல்லப உடையணத் தேவர் என்ற வாரிசைத் தேடிப் பிடித்து, செப்டம்பரில் சோழபுரத்தில் வைத்து, 'இனி நீர்தான் சிவகங்கை ஜமீன்தார்' என்று முடிசூட்டிவிட்டார்கள். அதுவரை மருதுகள் பக்கம் நின்ற பலருக்கு திடீரென்று, யார் பக்கம் நிற்பது ராஜ விசுவாசம் என்று குழப்பம் வந்துவிட்டது. வளரி நூறு கெஜம் போகும். பட்டா எவ்வளவு தூரம் போகும் என்பதை எங்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 1ல் காளையார்கோவில் விழுந்தது. 24ல் திருப்பத்தூரில் அண்ணன் தம்பி இருவரையும் தூக்கிலிட்டார்கள். கோவில் கோபுரத்தை இடிப்போம் என்று மிரட்டியதால் தாங்களே வந்து சரணடைந்தார்கள் என்பது எங்கள் பக்கத்துக் கதை. தொடையெலும்பு முறிந்து கிடந்த தன் பழைய சிநேகிதரைச் சாதாரணச் சேவகர்கள் பிடித்தார்கள், காட்டு மிருகத்தைத் துரத்துவதுபோல நானும் அவரைத் துரத்த வேண்டிவந்ததே என்பது வெல்ஷின் புலம்பல். புலம்பினார், ஆனால் டூட்டியை முடித்துவிட்டுப் புலம்பினார். அரசாங்க உத்தியோகம்.

அந்தப் புலம்பலை இவ்வளவு கேலி செய்கிற எனக்கு ஒரு சங்கடமும் இருக்கிறது. சின்ன மருதுவின் முகம், சிரிப்பு, திறந்த வாசல், அண்ணன் வளைத்த ரூபாய், பழத்தின் தோல், எறிந்த தூரம், எல்லாவற்றையும் எழுதிவைத்தது அந்த எதிரணி ஆள்தான். நம் பக்கம்? நாம் பாட்டுக் கட்டுவதில் மும்முரமாக இருந்தோம். எதிரணி ஸ்கோரர் நூறு என்று எழுதியதை வாங்கி, நாம் ரிட்டர்ன் டிக்கெட்டும் சேர்த்துப் போட்டோம்.

வெல்ஷின் பிற்காலமும் கேட்கத்தக்கது. 1806ல் பாளையங்கோட்டை அவர் பொறுப்பில் இருந்தது. வேலூரில் சிப்பாய்கள் எழுந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. தன் சிப்பாய்களும் தன்னைத் தீர்த்துக்கட்டப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி காதில் விழுந்ததும், முஸ்லிம் சிப்பாய்களிடம் ஆயுதத்தைப் பிடுங்கிக் கோட்டைக்கு வெளியே அனுப்பிவிட்டார். மேலிடம் ராணுவக் கோர்ட்டில் நிறுத்தி விசாரித்தது. கௌரவமாக விடுதலையானார். காவலாள் ஒருத்தர்கூட இல்லாமல் தூங்கிய மனிதரிடம் படித்தவர், ஒரு பட்டாளத்தையே வைத்துக்கொண்டு தூங்க முடியாமல் தவித்திருக்கிறார். பாடத்தில் தடி எறிகிற சேப்டரை மட்டும் படித்தால் இப்படித்தான்.

மருதுகள் போன இரண்டாவது மாதம், 1801 டிசம்பரில், கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்சீமையில் எவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். துப்பாக்கி, ஈட்டி எல்லாம் போயிற்று. வளரி மட்டும் எப்படியோ தப்பியது. தோண்டி எடுத்த புளிய வேரை வைத்துக்கொண்டு ஒருவன் நின்றால், அடுப்பெரிக்க என்று சொல்லிவிடலாமே! அப்படித் தப்பியதுதான் 1883ல் ஃபுட் கண்ணெதிரே முயலின்மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு அதன் கேரியர் இறங்குமுகம். இந்த ஆயுதத்தில் தேர்ந்தவர்கள் இப்போது இல்லை, சாமி அறையில் வைத்து ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்துச் சுரண்டிக் கழுவி மறுபடி உள்ளே வைத்துவிடுகிறார்கள் என்று புதுக்கோட்டை திவான் எழுதிக்கொடுத்ததை, எட்கர் தர்ஸ்டன் 1909ல் அச்சிட்டார். கல்யாணத்தில் இரு வீட்டாரும் வளரி மாற்றிக்கொள்கிற வழக்கத்தையும் அவர் குறித்திருக்கிறார். சம்பந்திகள் கையில் ஆளுக்கொரு ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுக் கல்யாணப் பந்தியை ஆரம்பித்த நம் முன்னோரின் தைரியத்தை என்னவென்று சொல்வது!

1972ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. இன்றைக்கு நரிக்குடிப் பக்கம் யாராவது முயலைப் பார்த்துத் தடியை ஓங்கினால் வனத்துறை கேஸ் போடும். போடாவிட்டாலும் பிரயோஜனம் இல்லை. மருதுகள் காலத்தில் இங்கே சீமைக்கருவேலம் கிடையாது. இப்போது அதைத் தவிர வேறெதுவும் கிடையாது. எறிந்த வளரி பத்தடியில் முள்ளில் மாட்டிக்கொண்டு தொங்கும். முயல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

சினிமாவாவது கை கொடுத்ததா? 1959ல் கண்ணதாசன் கைக்காசைப் போட்டு 'சிவகங்கைச் சீமை' எடுத்தார். அதே மே மாதம், அதே வாரம், சிவாஜி 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஆகக் கலரில் வந்து நின்றார். கும்பினியையே ஒரு மாதம் காட்டில் அலையவிட்ட மருதுகள், தியேட்டரில் கட்டபொம்மனிடம் தோற்றார்கள். கவிஞருக்குக் கடன்தான் மிச்சம். அவர் மியூராவைப் போல அமெரிக்கா போகவில்லை. பாட்டெழுதி அடைத்தார்.

இப்போது வெளிநாடுகளில் பூமராங்குக்கு என்றே உலகப் போட்டி நடத்துகிறார்கள். எறிந்தது எவ்வளவு சரியாகத் திரும்பி வருகிறது, எறிந்தவர் பிடித்தாரா என்று பார்த்து மார்க் போடுவார்கள். முக்குளத்திலிருந்து ஓர் ஆளை அனுப்பலாம் என்று எங்கள் பக்கத்து இளவட்டங்கள் சிலருக்கு யோசனை. அனுப்பலாம், நன்றாக அனுப்பலாம். ஆனால் திரும்பி வராத வளரிக்கு அங்கே முட்டை மார்க். தூரத்துக்கு மார்க் உண்டா என்று கேட்டு எழுதியிருக்கலாம், அதற்கும் எறிந்த தூரத்தை நாம் சொல்ல வேண்டும். ஆகையால் முதலில் யாராவது அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு நூறு மீட்டர் டேப் வாங்கி வாருங்கள்.